சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன் ஏஜென்சிகள்: வெளிநாட்டுப் பள்ளிக்குப் போகும் டெல்டா ஆசிரியர்கள் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

துபாயிலோ தோஹாவிலோ சர்வதேசப் பள்ளியில் வேலை உறுதியானதும், விசாவுக்கு முன்னால் முடிக்க வேண்டிய பெரிய வேலை சான்றிதழ் அட்டெஸ்டேஷன், அதாவது சான்று உண்மையானதுதான் என்று அரசு அலுவலகங்களில் முத்திரை வாங்குவது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூரில் இதற்குப் பலகை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் டிராவல்ஸ் நடத்துபவர்கள். ஒரிஜினலை வாங்கித் திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பிவிடுவார்கள். வேலை அங்கேதான் நடக்கும். சென்னை, டெல்லி அலைச்சலுக்காக இவர்களுக்குக் கொடுக்கும் பணம் தகும். ஊரிலேயே நாம் முடித்திருக்க வேண்டியதையும் சேர்த்து இவர்கள் தலையில் கட்டும்போதுதான் மாதக்கணக்கில் இழுக்கிறது.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிகிரி, பி.எட். சான்றுகளுக்குப் பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று, பிறகு சென்னையில் மாநில உயர்கல்வித் துறையின் ஒப்பம், அதன்பின் வெளியுறவு அமைச்சகம். அடுத்தது போகும் நாட்டைப் பொறுத்தது. ஓமன், பஹ்ரைன், 2021 முதல் சிங்கப்பூர், 2022 டிசம்பர் முதல் சவுதி ஆகியவற்றுக்கு அப்போஸ்டில் (ஒப்பந்த நாடுகள் தூதரக முத்திரை இல்லாமலே ஏற்கும், நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் சான்று) போதும். அமீரகம், கத்தார், குவைத்துக்கு அந்தந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். சீனா 2023 நவம்பரில் அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் வந்தது. ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அந்த ஒப்பந்தம் நடைமுறையில் இல்லை. 'சீனாவுக்கும் அப்போஸ்டில் போதும்' என்று ஒரு ஏஜென்சி சொன்னால், அவர்களுக்கு விவரம் தெரியாது என்று அர்த்தம்.

அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்குவது ஒரு சான்றுக்கு 50 ரூபாய்தான். மீதியெல்லாம் கொரியர், அலைச்சல், ஏஜென்சியின் கூலி. கூலி வாங்குவதில் தப்பில்லை. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தர வேண்டும். அமைச்சகத்தின் சென்னைக் கிளையிலேயே இந்த வேலை நடக்கிறது என்பதால், அப்போஸ்டில் நாட்டுக்குப் போகிறவரிடம் டெல்லிச் செலவு என்று தனியாகக் கேட்டால் காரணம் கேளுங்கள். அமீரகம் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். அங்கே இறங்கியபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சக முத்திரைக்குச் சான்று ஒன்றுக்கு 150 திர்ஹாம். இதைப் பள்ளி தருமா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடலாம்.

விலை குறைவாகச் சொல்பவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: 'மாநில உயர்கல்வித் துறை வழியா, டெல்லி எஸ்.டி.எம். வழியா?' எஸ்.டி.எம். என்பவர் டெல்லியின் கோட்ட அளவிலான நிர்வாக அதிகாரி. இந்த இரண்டாவது வழியில் பல்கலைக்கழகச் சரிபார்ப்பு இல்லாமல் சில நாளில் முத்திரை விழும். அமைச்சகமும் அதன்மேல் அப்போஸ்டில் ஒட்டும். ஆனால் மாநில முத்திரையைக் கேட்கும் தூதரகத்திலும் பள்ளியிலும் அது நிற்காது. திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும், சான்றின் பின்பக்கம் வேண்டாத முத்திரைகளோடு.

இனி ஊரில் முடிக்க வேண்டியவை. பெயரில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். மார்க் ஷீட்டில் 'மீனாட்சி கே', பாஸ்போர்ட்டில் கே விரிந்து அப்பா பெயராக நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியலுக்கு மாறி, அனுபவச் சான்றில் 'மீனாட்சி ஆர்' ஆகியிருக்கும். நமக்கு மூவரும் ஒருவரே. அங்கே சரிபார்ப்பவருக்கு மூன்று பேர். தமிழ்ச்செல்வி என்ற பெயருக்கு ஒரு சான்றில் 'எல்', இன்னொன்றில் 'இசட் எச்' இருந்தாலும் இதே கதைதான். பாஸ்போர்ட் பெயரை அடித்தளமாக வைத்துக்கொண்டு, பழைய பள்ளிகளிடம் அனுபவச் சான்றை அந்தப் பெயரில் திருத்தி வாங்குங்கள். இதற்குப் பைசா செலவில்லை. இனிஷியல் விரிந்திருப்பதற்கு மட்டும் நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் போதும். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். ஏஜென்சிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பத்திரத்தை அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இது அவர்கள் சேவையில் மிகப் பலவீனமான இடம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் விஷயத்தில் 2022 நவம்பரில் அமீரகம் கெடுபிடி காட்டியது.

அடுத்தது லேமினேஷன். கெட்டுவிடக் கூடாதே என்று அன்றைக்கு அக்கறையோடு லேமினேட் செய்த டிகிரி, இன்றைக்குப் பின்பக்கம் முத்திரை குத்த முடியாமல் நிற்கிறது. இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். பிரித்துத் தருகிறோம் என்று சொல்லும் ஏஜென்சியிடம், கிழிந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பிப்பதே பத்திரம். 2018 கஜா புயலில் நனைந்து கறை படிந்த சான்றுகளுக்கும் இதுதான் வழி. புரொவிஷனல் சான்றை நம்பி இருக்க வேண்டாம், பட்டமளிப்புச் சான்றே கேட்பார்கள்.

பல்கலைக்கழகம் இரண்டாக இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பி.எஸ்சி. திருச்சி பாரதிதாசன் என்றால், பி.எட். 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமாக இருக்கும், அது சென்னையில். உண்மைத்தன்மைக்கு இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம், இரண்டு காத்திருப்பு. கத்தாருக்கு, நேரடியாக வகுப்புக்குப் போய்ப் படித்தவரா, எங்கே படித்தவர் என்று பல்கலைக்கழகம் எழுதிய கடிதமும் வேண்டும். எம்.ஏ.வை அஞ்சல் வழியில் முடித்தவர்கள் அந்தச் சான்றைச் சமநிலைக்கு (நம் பட்டம் அந்நாட்டுப் பட்டத்துக்கு இணையா என்ற சரிபார்ப்புக்கு) கொடுக்கும் முன் பள்ளியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இளநிலையும் பி.எட்.டும் நேரடிப் படிப்பாக இருந்தால் அவற்றை மட்டும் வைத்தே நியமனம் நடக்குமா என்று கேட்கலாம்.

போலீஸ் சான்றுக்கு ஏஜென்சி தேவையே இல்லை. பாஸ்போர்ட் சேவை தளத்தில் 500 ரூபாய் கட்டி, தஞ்சாவூர் சேவை மையத்தில் நேரம் எடுத்தால் போதும். இப்போது குடியிருக்கும் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும்; சென்னையில் இருந்துகொண்டு ஊர் முகவரி போட்டால், விசாரணைக்கு வருபவர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று எழுதிவிடுவார். பெரும்பாலான பள்ளிகள் ஆறு மாதத்துக்குள் வாங்கிய சான்றைத்தான் ஏற்கின்றன, அதனால் டிகிரி வேலை முடியும் தறுவாயில் இதைத் தொடங்குங்கள். குழந்தைப் பாதுகாப்பு விதிப்படி, முன்பு வேலை பார்த்த வெளிநாடுகளின் போலீஸ் சான்றையும் கேட்பார்கள். அது தாமதமாகவே வரும் என்பதால் முதலில் தொடங்க வேண்டியது அது.

குடும்பத்தை அழைத்துப் போனால் திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று இரண்டும் மாநில உள்துறை வழியாகப் போகும். பிள்ளையின் பெயர் ஏறாத பிறப்புச் சான்றை நகராட்சியிலோ பேரூராட்சியிலோ முன்கூட்டியே சரிசெய்யுங்கள்.

வேலையும் வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் ஏஜென்சி வேறு வகை. அதற்கு மத்திய அரசின் பதிவு உரிமம் வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். உரிமம் உள்ளவர்கூட வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் ஜி.எஸ்.டி.யும்தான்.

ஒரிஜினலைக் கொடுக்கும்போது ரசீதில் ஒவ்வொரு சான்றின் வரிசை எண்ணும், போகும் வழியும், திரும்பும் தேதியும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கலர் ஸ்கேன் எடுத்து வைத்த பிறகே கையை விட்டுக் கொடுங்கள்.