பந்தய வருமானத்தில் வாழ்வது: முழுநேரமாகவா, கூடவே ஒரு சின்ன வேலையுடனா?

நான்கு ஆண்டுகள் குதிரைப் பந்தயத்தில் வந்த பணத்தில் மட்டுமே வாழ்ந்தேன். சென்ற ஏப்ரலில் ஒரு பேரங்காடியில் சரக்கு அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள், விடியற்காலை 5 மணி முதல் 9 மணி வரை, மணிக்கு 12.80 பவுண்ட். திருச்சியிலிருந்து அம்மா போனில் கேட்டார்: "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு, இப்ப எதுக்குடா மூட்டை தூக்கப் போற?" அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல வேண்டுமானால் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் எந்தப் பக்கம் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தயம் கட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதவில்லை. ஏற்கெனவே சில ஆண்டுகள் கணக்கு எழுதி, லாபத்தில் நிற்பது எண்களில் தெரிகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது லண்டன் ஹாரோவில். பிரிட்டனில் பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்கு வருமான வரி கிடையாது. கிரஹாம் எதிர் கிரீன் என்ற 1925ஆம் ஆண்டு வழக்கில், வீட்டிலிருந்தபடி குதிரைகள்மேல் பந்தயம் கட்டியே பிழைத்த ஒருவரின் வருமானம் தொழில் வருமானம் ஆகாது என்று தீர்ப்பானது. வரித்துறை இன்றைக்கும் அந்த நிலைப்பாட்டில்தான் இருக்கிறது. முறை வைத்து விளையாடினாலும், அதிலேயே வயிறு வளர்த்தாலும் அது தொழில் இல்லை. 2001 வரை பந்தயக் கடைகளில் 9 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள், பிறகு அதுவும் போய்விட்டது. இப்போது வரி கட்டுவது நிறுவனங்கள்தான்.

இந்த விஷயத்தில் இந்தியா நேர் எதிர். ஜெயித்த பணத்துக்கு 30 விழுக்காடு வரி, அதன்மேல் 4 விழுக்காடு செஸ். தோற்றதைக் கழிக்க முடியாது, அடிப்படை விலக்கு வரம்பும் பொருந்தாது. வருடத்தில் 5 லட்சம் ஜெயித்து நாலரை லட்சம் தோற்றால் கையில் நிற்பது 50,000 ரூபாய். வரியோ 5 லட்சத்துக்கு, அதாவது 1,56,000 ரூபாய். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. சென்னை நண்பர்கள் "நாங்களும் அப்படி வாழலாமா" என்று கேட்கும்போது இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

சரி, பிரிட்டனுக்கு வருவோம். வரி இல்லை என்பது இரண்டு வழிக்கும் பொது. என் சம்பளம் ஆண்டுக்கு 8,000 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. வரி விலக்கு வரம்பு 12,570 என்பதால் அதிலும் ஒரு பென்னி வரி இல்லை. வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ஐசாவில் ஆண்டுக்கு 20,000 போடலாம், அதுவும் இரண்டு வழிக்கும் உண்டு. பயன்படாத விலக்கில் 1,260 பவுண்டைத் துணைவர் பெயருக்கு மாற்றி அவர் வரியில் 252 பவுண்ட் மிச்சம் பிடிப்பதும் அப்படியே. இவற்றையெல்லாம் வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

முழுநேர வழிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது நேரம். காலையில் பந்தய அட்டையை (அன்றைய பந்தயங்களும் ஓடும் குதிரைகளும் உள்ள பட்டியல்) பிரித்து, ஓடும் குதிரைகளின் பழைய ஓட்டங்களைப் பார்த்து, எக்ஸ்சேஞ்சில் (பந்தயம் கட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டும் இணையதளம்) விலை, அதாவது ஜெயித்தால் எத்தனை மடங்கு கிடைக்கும் என்ற விகிதம், நகர்வதைக் கவனிப்பது அரைநாள் வேலை. வேலைக்குப் போகும் நாட்களில் மூன்று மணிக்கு மேல் கண் சொக்குகிறது. கெம்ப்டனில் குளிர்கால மாலைப் பந்தயங்களை அந்த நாட்களில் தொடுவதையே விட்டுவிட்டேன். அதனால் வருமானம் குறைந்திருக்கிறதா என்றால், ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, ஒன்பது மாதக் கணக்கை வைத்து அடித்துப் பேச மாட்டேன். பந்தயங்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, லாபம் அந்த அளவுக்குக் குறையவில்லை. மட்டமான பந்தயங்கள்தான் கழிந்துபோயின என்று நினைக்கிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது சம்பளச் சீட்டு. அந்தத் துண்டுச் சீட்டைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும்.

வரித்துறை கண்ணுக்குத் தெரியாத வருமானம் வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. முதல் இரண்டு வருடம் எனக்கு இது உறைக்கவே இல்லை. மாதாமாதம் பணம் வருகிறது, வாடகை போகிறது, வேறென்ன? ஒருநாள் அரசின் இணையதளத்தில் அரசு ஓய்வூதியத்துக்கு அடிப்படையான என் தேசியக் காப்பீட்டுப் பதிவைத் திறந்து பார்த்தேன். பழைய வேலையில் இருந்த ஆண்டுகள் முழு ஆண்டுகளாக இருந்தன. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் நேரே "முழுமையில்லை" என்று இருந்தது. முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுப் பதிவு வேண்டும், எதுவுமே கிடைப்பதற்குக் குறைந்தது 10 ஆண்டு வேண்டும்.

முழுநேரமாக இருப்பவர் அந்த ஓட்டையைக் காசு கொடுத்து அடைக்கலாம். மூன்றாம் வகுப்புத் தன்னார்வப் பங்களிப்பு என்று பெயர். 2025-26இல் வாரம் 17.75 பவுண்ட், ஆண்டுக்கு 923. ஓர் ஆண்டு வாங்கினால் ஓய்வூதியம் வாரத்துக்குச் சுமார் 6.58 பவுண்ட் கூடும், ஆண்டுக்கு 342. ஓய்வு பெற்ற பிறகு மூன்று ஆண்டுக்குள் போட்டது திரும்பிவிடும். மோசமான பேரம் என்று சொல்ல மாட்டேன், நானும் இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டினேன்.

வேலை இருந்தால் அதே பதிவு காசு இல்லாமலே விழுகிறது. 2025-26 கணக்குப்படி வாரம் 125 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்கினால் அந்த வாரம் கணக்கில் சேரும். 242 பவுண்டைத் தாண்டினால்தான் நம் கையிலிருந்து பிடித்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவருக்குப் பதிவு உண்டு, பிடித்தம் இல்லை. அந்த ஆண்டில் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.21 என்பதால் வாரம் 11 மணி நேரம் போதும். நான் 12 மணி நேரம் செய்கிறேன், 153 பவுண்ட் சொச்சம் வருகிறது.

அப்புறம் தனியார் ஓய்வூதியம். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் வேலை தேட ஆரம்பித்தேன். சம்பளமே இல்லாதவர் தன் ஓய்வூதியக் கணக்கில் 2,880 பவுண்ட் போட்டால் அரசு 720 சேர்த்து 3,600 ஆக்கித் தரும். அதற்குமேல் போடுவதற்கு அரசின் பங்கு கிடையாது. பந்தயத்தில் 30,000 ஜெயித்திருந்தாலும் அது ஈட்டிய வருமானம் ஆகாது. சம்பளம் இருந்தால் வரம்பு சம்பளத்தின் அளவுக்கு ஏறுகிறது. 8,000 பவுண்ட் சம்பளக்காரர் 6,400 போட்டால் அரசு 1,600 சேர்க்கும். ஓய்வூதிய நிறுவனத்தில் நாமே தொடங்கிப் பணம் போடும் கணக்கில், வரியே கட்டாதவருக்கும் இது உண்டு. போடுகிற பணம் எங்கிருந்து வந்தது என்பது கணக்கில்லை. சம்பளத்தில் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டு, பந்தய லாபத்தை ஓய்வூதியத்தில் போடுகிறேன். நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்திலும் கேட்டுச் சேர்ந்திருக்கிறேன். 6,240 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் பகுதிக்கு அவர்களும் ஒரு பங்கு போட வேண்டும். என் சம்பளத்துக்கு அது ஆண்டுக்கு 50 பவுண்ட் அளவில்தான், இருந்தாலும் விடுவானேன்.

சுயதொழில் என்று பதிந்துகொண்டு, 2025-26இல் வாரம் 3.50 பவுண்டாக இருந்த இரண்டாம் வகுப்புப் பங்களிப்பைக் கட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பந்தயம் தொழில் இல்லை என்பதால்தானே வரி இல்லை? அதே காரணத்தால் அதைச் சுயதொழிலாகப் பதியவும் முடியாது. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று டிப்ஸ் விற்றாலோ எழுதிச் சம்பாதித்தாலோ அது வேறு. அது வரிக்குரிய தொழில், வரவு ஆண்டுக்கு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறைக்குச் சொல்ல வேண்டும். அந்த வழியில் எனக்கு விருப்பம் இல்லை.

வீட்டு விஷயம் இன்னும் வலித்தது. மூன்றாண்டுக்கு முன் வீடு மாறினோம். வாடகை வீட்டு முகவர் கேட்டது மூன்று மாதச் சம்பளச் சீட்டு. நான் எக்ஸ்சேஞ்ச் கணக்கின் முழு அறிக்கையையும் அச்செடுத்துக் கொண்டுபோனேன். இரண்டாம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டார். மனைவியின் சம்பளம் மட்டும் போதவில்லை, ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துத்தான் சாவி வாங்கினோம். இனி அந்த வழியும் அடைபடுகிறது. 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே முதல் இங்கிலாந்தில் வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது. வாடகைதாரர்களுக்கு நல்ல சட்டம். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்தான் இனி ஜாமீன்தாரரைத் தேடி அலைய வேண்டும்.

வீட்டுக்கடனில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, தரகர் சொன்னதை மட்டும் சொல்கிறேன். பந்தய வருமானத்துக்கு அவர் போட்ட மதிப்பு பூஜ்யம். என் 8,000 சம்பளத்தை மனைவியின் சம்பளத்தோடு சேர்த்தால், நாலரை மடங்கு என்ற கணக்கில் கடன் வரம்பு 36,000 கூடலாம். லண்டன் விலைக்கு இது பெரிய தொகை இல்லை. கூடவே, வங்கி அறிக்கையில் பந்தயப் பரிவர்த்தனை நிறைய தெரிந்தால் கடன் தருபவர்கள் தயங்குவார்கள் என்றும் சொன்னார். அதனால் பந்தயத்துக்கென்று ஒரு வங்கிக் கணக்கு, குடும்பத்துக்கு ஒன்று என்று பிரித்துவிட்டேன்.

ஈஸ்ட் ஹாமில் தெரிந்த தம்பி ஒருவர் ஊரிலிருந்து மனைவியை அழைக்கப் பார்த்தார். அதற்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்ட் காட்ட வேண்டும். சம்பளம், சுயதொழில், வாடகை, ஓய்வூதியம் என்று ஏற்கும் வகைகளில் பந்தயம் இல்லை. வருமானமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்ட் ஆறு மாதம் கணக்கில் இருக்க வேண்டும். அவர் முழுநேர வேலைக்குப் போய்விட்டார். என்னைப்போல 12 மணி நேர வேலை அவருக்கு உதவியிருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கணக்கு எழுதத்தான் வேண்டும். வரி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. ஒருமுறை 9,200 பவுண்டை எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுத்தபோது என் வங்கி, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கணக்கை முடக்கியது. 19 நாள். மாதாமாதம் இறக்கி வைத்திருந்த அறிக்கைகள் இருந்ததால்தான் பணம் திரும்பியது. ஜெயிக்கிற கணக்குகளில் எவ்வளவு கட்டலாம் என்பதைப் பந்தய நிறுவனங்கள் சுருக்குவதும், கணக்கையே மூடுவதும் சகஜம், மூடிய பிறகு பழைய விவரங்களைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. பந்தயக் கணக்கில் பணத்தைத் தூங்கவும் விடாதீர்கள். வங்கி திவாலானால் 1,20,000 பவுண்ட் வரை காப்பீடு உண்டு, பந்தய நிறுவனத்தில் கிடக்கும் பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. வாரம் ஒருமுறை, முதலுக்குத் தேவையானது போக மீதியை நான் எடுத்துவிடுகிறேன்.

எனக்கு நானே மாதம் 1,600 பவுண்ட் கொடுத்துக்கொள்வதுதான் முழுநேரமாக இருந்தபோது என் ஏற்பாடு. நல்ல மாதத்தில் 5,000 வந்தாலும் 1,600, தோற்ற மாதத்திலும் 1,600. ஒரு வருடச் செலவைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தேன். காகிதத்தில் பார்த்தால் உறுதியான ஏற்பாடு. 2023 இலையுதிர்காலத்தில் தொடர்ந்து மூன்று மாதம் நஷ்டம். ஒதுக்கியதில் பணம் இருந்தது, ஆனாலும் மூன்றாவது மாதம் நான் கட்டிய பந்தயங்களைப் பின்னால் எடுத்துப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. வழக்கமாகத் தொடாத விலைகளில், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தொகை. வாடகை தேதி நெருங்க நெருங்கத் தொகை கூடியிருந்தது. இன்றைக்குச் சம்பளம் எங்கள் மளிகையையும் மின்கட்டணத்தையும் கவுன்சில் வரியையும் தாங்குகிறது. இந்த நவம்பரும் நஷ்டம்தான், ஆனால் ஒரு பந்தயத்தில்கூட அளவு மீறவில்லை.

முழுநேரமே சரி என்று சொல்லத்தக்கவர்களும் இருக்கிறார்கள். 35 ஆண்டுப் பதிவு முடித்து, வீட்டுக்கடனும் அடைத்துவிட்டவருக்குச் சம்பளச் சீட்டால் பெரிய பயன் இல்லை. அவர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு வயது 38, இன்னும் 20 ஆண்டுப் பதிவு பாக்கி.

வேலையில் சேர்ந்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று, சம்பளத்தோடு கூடிய விடுப்பு. பகுதிநேரக்காரருக்கும் ஆண்டுக்கு 5.6 வாரம் உண்டு. மார்ச்சில் செல்டன்ஹாம் பந்தயங்கள் நடக்கும் வாரத்துக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன், மேலாளரும் சரி என்று சொல்லிவிட்டார்.