ஐயாயிரம் ரூபாய் பேக்கேஜும் டீக்கடை பெஞ்ச் அண்ணனும்: திருநகர் வீட்டை விற்ற அனுபவம்

அப்பாவின் வீட்டை விற்க இரண்டு பேருக்குக் காசு கொடுத்தேன். ஒன்று, வீடு மனை விளம்பரம் போடும் இணையதளம் ஒன்றின் மூன்று மாத பேக்கேஜ். ஐயாயிரத்துச் சொச்சம். இன்னொன்று, மதுரை திருநகரில் டீக்கடை பெஞ்சையே ஆபீஸாக வைத்திருக்கும் தரகர் அண்ணன். விற்ற விலையில் 2 சதவீதம். இணையதளத்துக்கு ஐந்துக்கு ஒரு ஸ்டார். அண்ணனுக்கு நாலு. அவரிடம் அந்த ஒரு ஸ்டாரை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று பின்னால் சொல்கிறேன்.

வீடு 1986-இல் கட்டியது. நாலு சென்ட், தெற்குப் பார்த்த வாசல், மாடி கட்டவில்லை. மொட்டை மாடியில் நின்றால் திருப்பரங்குன்றம் மலை தெரியும். அப்பா தவறிய பிறகு அம்மா கே.கே. நகரில் என்னோடு இருக்கிறார், தம்பி ஓசூரில். 85 லட்சம் என்று நானும் தம்பியும் போனிலேயே விலை வைத்தோம். ரெண்டு தெரு தள்ளி ஒருவர் 90-க்குக் கொடுத்தார் என்று யாரோ சொன்னதுதான் ஆதாரம். அது ஆறு சென்ட், வடக்குப் பார்த்த வீடு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பங்குனியில் விளம்பரம் போட்டேன். போன் வராமல் இல்லை, வந்து குவிந்தது. ஒவ்வொரு அழைப்பையும் அம்மா பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். மூன்று மாதத்தில் 41. அதில் 26 பேர் புரோக்கர்கள். "சார், ஓனர்தானே?" என்று ஆரம்பித்தாலே அம்மா 'பு' என்று போட்டுவிடுவார். ஆறு பேர் வாடகைக்குக் கேட்டவர்கள். ஐந்து பேர் லோன் வேண்டுமா என்று கேட்டவர்கள். மிச்சம் நாலு பேர் நேரில் வந்தார்கள். நாலு பேருமே வாசலில் நின்று காம்பஸைப் பார்த்தார்கள், உள்ளே ஒரு சுற்று வந்தார்கள், "சொல்றோம் சார்" என்று போனார்கள். பேக்கேஜ் முடியும் வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "உங்க விளம்பரத்தை நிறையப் பேர் பார்த்திருக்காங்க சார், புதுப்பிச்சுக்கலாமா?" என்றார். பார்த்தவர்களால் எனக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. பாவம், அவர் என்ன செய்வார்.

அதற்குள் ஆடி வந்துவிட்டது. ஆடியில் நம்ம ஊரில் யார் வீடு பேசி முடிப்பார்கள்? எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீட்டில் 'விற்பனைக்கு' போர்டு தொங்கியது. அப்போதுதான் பால்காரர் சொல்லி இந்த அண்ணனைப் பார்த்தேன்.

டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார். விலையைக் கேட்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீரைக் கையில் பிடித்து ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார். "உப்புத்தான், ஆனா சோறு வேகும்" என்றார். பின்னறையில் அண்ணாந்து பார்த்தார். ஈசான மூலையில் சுவரை நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்பு பொருபொருவென்று உதிர்ந்தது. "ஓதம் இருக்கு சார். இத மட்டும் கொத்திப் பூசுங்க. வீடு பூரா பெயிண்ட் அடிக்காதீங்க, எதையோ மறைக்கிறாகன்னு நினைப்பாக." நான் அறுபதாயிரத்துக்கு பெயிண்டரிடம் பேசி வைத்திருந்தேன். அந்தச் செலவு அங்கேயே மிச்சம்.

அப்புறம்தான் விலை. "மண்ணுக்குத்தான் சார் விலை. நாப்பது வருசக் கட்டடத்துக்கு இப்ப யாரும் காசு தர மாட்டாக. 75 சொல்லுவோம், 70-க்குக் கீழயும் மனசைத் தயார் பண்ணிக்கங்க." கோபம் வந்தது. தம்பிக்கு என்னைவிட அதிகமாக வந்தது. ஒரு வாரம் அண்ணனோடு பேசவே இல்லை.

அவர் அந்த வாரம் சும்மா இருக்கச் சொல்லவில்லை, பேப்பர் வேலை கொடுத்திருந்தார். தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, அப்பா பெயரில் இருக்கும் பட்டா, வாரிசுச் சான்று, வீடு கட்ட அனுமதி வாங்கிய பிளான். வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைத்துவிட்டது. வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸுக்கு நடந்தேன். பிளான்தான் பெரும்பாடு. திருநகர் பேரூராட்சி மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011-இல்தான், அப்பா கட்டியது அதற்கு 25 வருடம் முன்னால். கடைசியில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது, மடித்த மடிப்பிலேயே கிழிந்து. வாங்குபவர் கை ஓங்கியிருக்கும்போது ஒரு பேப்பர் குறைந்தாலும் அதைச் சொல்லியே ஒரு லட்சம் குறைப்பார்கள் என்று அண்ணன் சொன்னது சரிதான்.

ஆவணி பிறந்ததும் பார்ட்டி வந்தது. கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். ஐந்து முறை வந்தார்கள். வாஸ்துக்காரரோடு ஒரு முறை, சுத்தியலோடு வந்த இன்ஜினியரோடு ஒரு முறை, மாமியாரோடு ஒரு முறை. 62 என்று ஆரம்பித்தார்கள். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் எங்கள் கையைக் கடிக்கிறதே, அதையும் பாருங்கள் என்றார் அந்த சார். 2023-க்கு முன்னால் வாங்கியிருந்தால் 11 கட்டியிருப்பீர்கள் என்று அண்ணன் மடக்கினார். 68-க்கு வந்து நின்றது. பிறகு மூன்று வாரம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்த மூன்று வாரத்தை மறக்க மாட்டேன். ராத்திரி பத்து மணிக்குப் போனை எடுப்பேன், வைப்பேன். 66 என்றாலும் சரி, முடித்துவிடலாம் என்று தோன்றும். அண்ணனிடம் சொன்னேன். "நீங்க போன் பண்ணாதீங்க சார். ஒரு போனுக்கு ஒரு லட்சம்" என்றார். நான் கொடுத்த கமிஷன் இந்த ஒரு வரிக்கே சரியாகப் போயிற்று என்பேன். இருபத்திரண்டாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. டோக்கன் ஒரு லட்சத்தை ரொக்கமாக நீட்டினார்கள். வீட்டு விற்பனையில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. செக்காகக் கேட்டு வாங்கினேன். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம், மிச்சம் ரொக்கமாகக் கையில் என்றும் கேட்டுப் பார்த்தார்கள். முடியாது என்றேன். அப்புறம் பேங்க் ஆள் வந்து மதிப்புப் போட்டதில் பழைய கட்டடம் என்று லோன் குறைந்தது. உடனே ரெண்டு லட்சம் குறையுங்கள் என்றார்கள். அண்ணன் பேசிப் பேசி அரை லட்சத்தில் நிறுத்தினார். பதிலுக்கு இன்வெர்ட்டர், மோட்டார், ரெண்டு ஃபேன் அவர்களுக்கு. கூடவே, கொல்லையில் இருக்கும் துவைக்கிற கல்லை எங்கள் செலவில் எடுத்துவிட வேண்டும், அந்த இடத்தில் வாஷிங் மெஷின் வருகிறதாம். முப்பத்தைந்து வருடம் அம்மா அடித்துத் துவைத்து நடு மட்டும் குழிந்து போன கல். கடப்பாரையோடு ஆள் கூட்டி வந்தது அண்ணன்தான். அம்மா அன்றைக்கு வரவில்லை.

67.5 லட்சத்துக்குக் கிரயம். 50 லட்சம் தொட்டாலே வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், அது எனக்கு முன்பே தெரியாது. 67,500 குறைகிறதே என்று பத்திர ஆபீஸ் வாசலில் சண்டைக்குப் போகப் பார்த்தேன். விற்பவர்கள் நாங்கள் மூன்று பேர் என்பதால் மூன்று பான் எண்ணிலும் தனித்தனியாகக் கட்டியிருந்தார்கள். நம் வரிக்கணக்கில்தான் வரவு, திருட்டு இல்லை. அண்ணன் இதை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஸ்டாரைப் பிடித்தது அதற்காக இல்லை. கைரேகை வைத்துவிட்டு வெளியே வரும்போது அந்த டீச்சரம்மா இயல்பாகச் சொன்னார், "ஆறு மாசமா போகாம கிடக்கிற வீடுன்னு அண்ணன் சொன்னாரு, அதான் தைரியமா 62-ல ஆரம்பிச்சோம்." அவர்களிடமும் 1 சதவீதம் வாங்கியிருக்கிறார். கேட்டேன். "ரெண்டு பக்கமும் பேசுனாத்தான சார் முடியும்" என்றார், கண்ணைப் பார்த்தே.

அன்றைக்குக் கமிஷனில் பத்தாயிரம் குறைக்கப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, பேரம் பேசவில்லை. டீ சொன்னார். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். 1,35,000-ஐ முழுசாகவே போட்டுவிட்டேன்.