போனில் காரை ஸ்டார்ட் பண்ண: புளூடூத்தா, பழைய போனா, சிம் மொடியூலா?

சித்திரை வெயிலில் மட்டக்களப்புக் கச்சேரிப் பக்கம் நிறுத்திய காருக்குள் மதியம் ஏறிப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. குளிர் நாட்டுக்காரர் எஞ்சினையும் சீட்டையும் சூடாக்க ரிமோட் ஸ்டார்ட்டர் பூட்டுகிறார்கள். நமக்கு வேண்டியது, வெளியே வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே ஏசி ஓட வேண்டும். அவ்வளவுதான்.

அப்படிப் பார்த்தால் புளூடூத் முதலிலேயே அடிபட்டுப் போகிறது. ஆர்டுயினோ என்ற சின்னக் கண்ட்ரோல் போர்டும் எச்சி-05 புளூடூத் மொடியூலும் மலிவு, சிம் வேண்டாம், மாதச் செலவில்லை. ஆனால் எட்டுவது ஏறக்குறைய 10 மீட்டர். அவ்வளவு கிட்டப் போனவர் கதவைத் திறந்து திறப்பைத் திருப்பிவிடலாமே.

பழைய பட்டன் போன் வழி எனக்குப் பிடித்தது. போனை ஓட்டோ ஆன்சரில் போட்டு, ஹெட்செட் வயரை எம்டி8870 ஐசிக்குக் கொடுக்க வேண்டும். கோல் எடுத்து 5ஐ அழுத்தினால் 770, 1336 ஹேர்ட்ஸ் ஒலிகள் இரண்டும் சேர்ந்து போகும். ஐசி அதைப் பிடித்து எந்த எண் என்று சொல்லிவிடும். புரோகிராம் எழுதாமலே ரிலேயை, அதாவது கரண்டால் இயங்கும் சுவிட்சை, இயக்கலாம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அருமை. காருக்குச் சரிவராது: தப்பான நம்பரில் யார் எடுத்தாலும் போன் ஆன்சர் பண்ணும், அவர் 5ஐ அழுத்தினால் எஞ்சின் ஓடும். வெயிலில் கிடந்து போன் பற்றரியும் உப்பிவிடும்.

மிஞ்சுவது சிம் மொடியூல். சிம்800எல் சொல்லும் நம்பரை ஆர்டுயினோ பார்த்து, உங்கள் நம்பர் என்றால் மட்டும் கோலை எடுக்காமலே வெட்டிவிட்டு வேலையைத் தொடங்கும். மிஸ் கோல்தானே, காசு போகாது. சிம் செத்துப் போகாமல் இடைக்கிடை ரீலோட் பண்ணினால் போதும். இந்த மொடியூல் நெட்வேர்க்கைப் பிடிக்கும் நேரத்தில் 2 அம்பியர் வரை இழுக்கும், கேட்பது 3.4 முதல் 4.4 வோல்ட். ஆர்டுயினோவிலிருந்து கரண்ட் கொடுத்தால் ஓயாமல் ரீசெட் ஆகும். தனியாக எல்எம்2596 என்ற வோல்ட்டேஜ் இறக்கும் போர்டு ஒன்றைப் போட்டு, கார் பற்றரி கரண்டை 4 வோல்ட்டுக்கு இறக்குங்கள். 2ஜியில் மட்டுமே ஓடும் சாமான் இது. நீண்ட காலத்துக்கு என்றால் விலை கூடினாலும் 4ஜி மொடியூல்தான் நல்லது.

உண்மையான தலையிடி போன் பக்கத்தில் இல்லை, எஞ்சின் பக்கத்தில் இருக்கிறது. திறப்பைத் திருப்பும்போது எஞ்சின் பிடித்துவிட்டது என்று காது சொல்கிறது, கை விடுகிறது. ரிலேக்குக் காது ஏது? அதனால் வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டும்: நின்றிருக்கும்போது 12.6 அளவு, ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 பக்கம் இறங்கும், எஞ்சின் பிடித்தால் 14ஐ ஒட்டி ஏறும். ஏறியதும் ஸ்டார்ட் ரிலே விட வேண்டும். ஏறாவிட்டாலும் 3, 4 செக்கனில் விட்டேயாக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டர் கருகும்.

மெனுவல் கியர் காரில் இதைப் பூட்டவே வேண்டாம். கியரில் விட்டிருந்தால் வண்டி முன்னால் பாயும். ஓட்டோ கியரில் பார்க், நியூட்ரல் சுவிட்ச் வழியாகவே ஸ்டார்ட் வயரை எடுங்கள். திறப்புப் போடாமல் பிரேக் மிதித்தால் எஞ்சின் நிற்கும்படியும் வயரிங் பாஸிடம் சொல்லுங்கள். மூடிய கராஜுக்குள் நிறுத்துபவர் இந்த ஆசையை விட்டுவிடலாம், புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது.

திறப்புக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் கண்டால் மட்டும் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளுக்கு, அந்தச் சிப்பைக் காருக்குள்ளேயே ஒளித்து வைக்கச் சிலர் சொல்வார்கள். அது கள்ளனுக்குத் திறப்பைக் கொடுத்த மாதிரி. அப்படிப்பட்ட வண்டிக்கும் புஷ் ஸ்டார்ட்டுக்கும், அந்த மொடலுக்கென்றே வரும் ரெடிமேட் கிட்டை வாங்கிப் பூட்டுங்கள்.