இங்கிலாந்தில் கழிவுத் தரகர்: மேல்நிலைப் பதிவா, கீழ்நிலைப் பதிவா?

ஒரு கடையின் குப்பையை நீங்கள் தொடக்கூட மாட்டீர்கள். தொலைபேசியில் பேசி லாரிக்கு ஏற்பாடு செய்வதோடு சரி. ஆனாலும் இங்கிலாந்துச் சட்டப்படி நீங்கள் கழிவுத் தரகர். 2011 விதிமுறைகளின்படி சுற்றுச்சூழல் முகமையில் பதிந்தே ஆகவேண்டும்.

கீழ்நிலைப் பதிவுக்குக் கட்டணம் இல்லை, காலக்கெடுவும் இல்லை. வேளாண் கழிவு, சுரங்கக் கழிவு, விலங்குப் பொருள் கழிவு ஆகியவற்றை மட்டும் கையாள்வோருக்கும் அறக்கட்டளைகளுக்கும் அது போதும். மற்றவர்களின் சாதாரணக் கழிவுக்கு ஏற்பாடு செய்யும் தரகருக்கு மேல்நிலைதான். அதற்குக் கட்டணம் உண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தொடர்புடைய குற்றத் தீர்ப்புகள் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பலர் சறுக்குவது கட்டுமானக் கழிவில். தன் சொந்த வேலையில் விழுந்த செங்கல் துண்டுகளையே வேனில் ஏற்றிச் செல்லும் கொத்தனாருக்கும் மேல்நிலைப் பதிவு வேண்டும். 'என் குப்பைதானே' என்ற வாதம் அங்கே எடுபடாது.

பதிவு எண்ணின் நான்காம் எழுத்தைப் பாருங்கள்: 'யு' என்றால் மேல்நிலை, 'எல்' என்றால் கீழ்நிலை. நகரத்துக் கடைக் குப்பைக்கு விலை சொல்லும் தரகரின் பதிவு எண்ணில் 'எல்' இருந்தால் நான் பணம் கொடுக்க மாட்டேன். அந்தக் குப்பை நாளை வயல் வரப்பில் கொட்டிக் கிடந்தால், ஒப்படைத்த கடைக்காரரிடமும்தான் கேள்வி வரும். பொதுப் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கழிவைக் கைமாற்றும்போது எழுதிக்கொள்ளும் ஒப்படைப்புச் சீட்டை இரண்டு ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள்.