ராஸ்பெரி பை 4: ரிலேக்கும் சேர்வோவுக்கும் எந்த அடாப்டர், எந்த மொடியூல்?

ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிப் போர்ட்டுக்கு அதன் அசல் 15 வாட் அடாப்டரையே வாங்குங்கள். ரிலே (சிக்னலால் இயங்கும் சுவிட்ச்), சேர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்), மோட்டார், எல்ஈடி பட்டி என்று எது வந்தாலும் அவற்றுக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் வழி, அதாவது வேறொரு சப்ளை, போடுங்கள். எங்கள் தீர்ப்பு இதுதான். மிச்சம் எல்லாம், அந்த இரண்டாவது வழிக்கு எந்தச் சாமான் காணும், எது காசுக்குக் கேடு என்பது பற்றியது.

திருகோணமலையில் இந்தக் கேள்வியோடு வருபவர்கள் இரண்டு வகை. ஒன்று, வளாகத்தில் புரொஜெக்ட் செய்யும் மாணவர்கள். மற்றது, நிலாவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை நேரம் வைத்து ஓடவிட நினைப்பவர்கள். இருவரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். போர்ட்டின் விளிம்பில் 5 வோல்ட் என்று ஒரு பின் (நீட்டிய உலோகக் கால்) இருப்பதைப் பார்த்ததும், அதில் எதையும் கொழுவலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அசல் அடாப்டர்

5.1 வோல்ட், 3 அம்பியர். அந்த மேலதிக 0.1 வோல்ட் காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கிறது. வயரில் விழும் அழுத்தத்தை அது ஈடுசெய்கிறது. வயர் அடாப்டரோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது, 18 கேஜ் (எண் கூடினால் கம்பி மெல்லியது), 1.5 மீற்றர். இங்கிலாந்துப் பதிப்பைக் கேட்டு வாங்கினால் நம் வீட்டு 13 அம்பியர் சொக்கெட்டில் நேரே ஏறும், இடையில் மாற்றி பிளக் தேவையில்லை.

போன் சார்ஜர் போதாதா என்று கேட்பவர்கள் அதன் முதுகில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். 33 வாட் என்று முன்னால் பெரிதாகப் போட்டிருப்பது உயர்ந்த வோல்ட்டில் கிடைக்கும் கணக்கு. பை கேட்பது 5 வோல்ட் மட்டும். அந்த வரியில் 2 அம்பியர் என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 10 வாட்தான்.

அதைவிட மோசம் வயர். பெட்டிக்கடை விலையில் வரும் 1 மீற்றர் கேபிளுக்குள் 28 கேஜ் செப்புக் கம்பி இருந்தால், போய்வரும் பாதை இரண்டும் சேர்ந்து 0.43 ஓம் அளவு. 1.5 அம்பியர் ஓடும்போது அதிலேயே 0.64 வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டில் கிளம்பியது போர்ட்டுக்கு 4.36 ஆகத்தான் வந்து சேரும். பை 4.63 க்குக் கீழே இறங்கியவுடன் திரையின் மூலையில் மின்னல் குறியைக் காட்டி, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். மெமரி கார்ட் பழுதாவதும், யூஎஸ்பி டிஸ்க் நடுவில் காணாமல் போவதும் பல நேரம் இங்கே தொடங்குகின்றன. ஆனால் பழி கார்ட்டின் மேல் விழுகிறது.

திரை இணைக்காதவர்கள் டெர்மினலில் vcgencmd get_throttled என்று அடித்து த்ரொட்டில் (வேகக் குறைப்பு) நிலையைக் கேட்கலாம். பூச்சியம் வந்தால் சுகம். பதினாறடிமானத்தில் 50000 வந்தால், பூட் ஆன பிறகு எப்போதோ அழுத்தம் விழுந்து வேகமும் குறைந்திருக்கிறது. 50005 என்றால் இந்த நிமிடமே அந்த நிலைதான்.

பழைய போர்ட்டை இரண்டாம் கையாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று: 2019 இல் வெளிவந்த முதல் பதிப்பில் யூஎஸ்பி-சி வாசலின் வடிவமைப்பில் பிழை இருந்தது. லப்டொப்போடு வரும் சிப் வைத்த கேபிளைக் கொழுவினால் அது உயிர்பெறாது. போர்ட் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், சாதாரண கேபிளில் பாருங்கள்.

மிச்சம் எவ்வளவு?

மொத்தம் 3 அம்பியர். முழு வேலையில் போர்ட் தானே 1.2 அம்பியர் அளவில் எடுக்கும். நான்கு யூஎஸ்பி வாசல்களும் சேர்ந்து 1.2 வரைக்கும் தரும். இரண்டும் உச்சத்தில் இருந்தால் 5 வோல்ட் பின்களுக்கு மிஞ்சுவது 0.6 அம்பியர். ஒரு சின்ன விசிறி, ஒரு சென்சர் வரை இதில் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஜிபிஐஓ பின் (நிரலால் ஒன், ஓஃப் செய்யும் சிக்னல் கால்) பவர் கொடுக்கும் இடமே அல்ல. ஒரு பின்னுக்கு 16 மில்லி அம்பியர், எல்லாம் சேர்ந்து 50 மில்லி அம்பியர் என்ற எல்லைக்குள் நிற்க வேண்டும். எல்ஈடி ஒன்றை 330 ஓம் ரெசிஸ்டரோடு எரிக்கலாம். மோட்டாரை ஒருபோதும் நேரே கொழுவக்கூடாது. இந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே. தண்ணீர் மட்டம் அளக்கும் எச்சிஎஸ்ஆர்04 சென்சரின் எக்கோ கால் 5 வோல்ட் தருகிறது. அதை 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து 3.3 க்கு இறக்கித்தான் உள்ளே விட வேண்டும்.

பவர் உள்ள யூஎஸ்பி ஹப்

ஹார்ட் டிஸ்க், டொங்கிள் போன்றவற்றுக்கு இதுவே சரியான விடை. ஆனால் வாங்கும்போது ஒரு சோதனை கட்டாயம். ஹப்பின் அடாப்டரைச் சுவரில் போடுங்கள், ஹப்பைப் பையோடு இணையுங்கள், பையின் சொந்த அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். போர்ட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த ஹப் பின்வழியாகக் கரண்டைத் தள்ளுகிறது. இரண்டு அடாப்டர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் நிலை அது. நிறுத்தினாலும் போர்ட் முழுதாக அணையாது. அப்படிப்பட்ட ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எல்எம்2596 மொடியூல்

இந்த விமர்சனத்தின் முக்கிய சாமான் இதுதான். பெருவிரல் அகலத்தில் ஒரு நீல அல்லது சிவப்புப் போர்ட், மேலே ஒரு சுருள், இரண்டு கப்பாசிட்டர், நீலப் பெட்டி போன்ற திருகு. 12 வோல்ட்டை 5 ஆக இறக்கும். விலை குறைவு. திருகோணமலை டவுனில் சிசிடிவி பூட்டும் கடைகளில் 12 வோல்ட் 2 அம்பியர் அடாப்டர் கிடைக்கும், அதோடு இதைச் சேர்த்தால் இரண்டாவது வழி தயார். மொடியூலைக் கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பதுதான் வழக்கம். எடுக்கும்போது இரண்டாக எடுங்கள். ஏன் என்று கீழே தெரியும்.

விற்பவர் 3 அம்பியர் என்பார். ஹீட்சிங்க் இல்லாமல் நாங்கள் பரிந்துரைப்பது 2 அம்பியருக்குள். 5 வோல்ட் 2 அம்பியர் எடுக்கும்போது ஏறக்குறைய 2.5 வாட் சூடாகவே போகும். மூடிய பெட்டிக்குள், சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ் வைத்தால் அந்தச் சூடு போக இடமிராது. சந்தையில் போலிச் சிப்பும் நிறைய. முத்திரையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, சுமை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒழுங்கு இது. முதலில் வெளிப்பக்கம் எதையும் கொழுவாமல் 12 வோல்ட்டை உள்ளே கொடுங்கள். மல்டிமீட்டரை வெளிவாசலில் வைத்து, திருகை இடப்பக்கமாகச் சுழற்றுங்கள். முதல் பல சுற்றுகளுக்கு எண் அசையாது. பழுது என்று தூக்கிப் போட்டுவிடாமல் பொறுமையாகத் தொடருங்கள். பிறகு சடாரென இறங்கத் தொடங்கும். 5.1 இல் நிறுத்துங்கள். அடுத்து 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வெளிவாசலில் கொழுவினால் 1 அம்பியர் சுமை. பத்து நிமிடம் விடுங்கள். ரெசிஸ்டர் கைவைக்க முடியாமல் சுடும், ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள். எண் 5 க்கு மேல் நின்றால் நல்ல மொடியூல். 4.8 க்கு வழுக்கினால் அதை ஒதுக்குங்கள். இரண்டாக எடுக்கச் சொன்னது இதற்குத்தான். சரியானதில் திருகின் தலைக்கு ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் அதிர்வில் நகராது.

இதன் பெரிய ஆபத்து வேறு. உள்ளே உள்ள சுவிட்ச் எரிந்து ஷோர்ட் ஆனால் 12 வோல்ட் முழுதாக வெளியே வரும். அதனால் இந்த மொடியூலிலிருந்து பைக்குப் பவர் கொடுக்க நாங்கள் சொல்லவே மாட்டோம். 40 கால் வரிசையின் 2 அல்லது 4 ஆம் பின் வழியாக உள்ளே விட்டால், இடையில் காப்பாற்ற ஒன்றுமில்லை. சேர்வோ எரிந்தால் இன்னொன்று வாங்கலாம், போர்ட் எரிந்தால் அந்த விலை வேறு. 12 வோல்ட் பக்கத்தில் 2 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம்.

சேர்வோ, டிசி மோட்டார், எல்ஈடி பட்டி என்றால் இரண்டு வழிகளின் மைனஸையும் ஒன்றாக இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் போய்ச் சேராது. பிளஸ் இரண்டும் தொடவே கூடாது.

எதற்கு எவ்வளவு

எஸ்ஜி90 சேர்வோ சும்மா அசையும்போது 100 முதல் 250 மில்லி அம்பியர், மாட்டிக்கொண்டு திணறும்போது 700 வரை. இரண்டைத் தாராளமாக வைக்கலாம். பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபரட், 16 வோல்ட் கப்பாசிட்டர் ஒன்று. டபிள்யூஎஸ்2812 எல்ஈடி முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லி அம்பியர். 60 எல்ஈடி பட்டி 3.6 அம்பியர் கேட்கும், எல்எம்2596 ஐ அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். 5 வோல்ட் 5 அம்பியர் தகரப்பெட்டி சப்ளை வாங்குங்கள். சின்ன டிசி மோட்டாருக்கு ஐஆர்எல்இசட்44என் மொஸ்ஃபெட்டும் (சிக்னலால் திறந்து மூடும் சுவிட்ச் சிப்) குறுக்கே 1என்4007 டயோட்டும் வையுங்கள். ஐஆர்எஃப்540 இங்கே சரிவராது, 3.3 வோல்ட்டில் அது முழுதாகத் திறக்காமல் சூடாகும்.

நான்கு ரிலே போர்ட்

நீலப் பெட்டி ரிலே ஒன்றின் சுருள் 70 மில்லி அம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். நான்கும் இழுத்தால் 285. இதைப் பையிலிருந்து எடுக்காமல் தனி வழியில் விடுவதற்காகவே போர்ட்டில் ஜேடி-விசிசி (JD-VCC) என்ற ஜம்பர், அதாவது இரண்டு கால்களை இணைக்கும் கழற்றக்கூடிய சின்ன மூடி, இருக்கிறது. அது இல்லாத ரிலே போர்ட்டை வாங்காதீர்கள்.

ஜம்பரைக் கழற்றுங்கள். ஜேடி-விசிசிக்கு எல்எம்2596 இன் பிளஸ், கிரவுண்டுக்கு அதன் மைனஸ். மற்றப் பக்கத்து விசிசிக்குப் பையின் 1 ஆம் பின்னிலிருந்து 3.3 வோல்ட், 'இன்' (IN) என்று எழுதிய கால்களுக்கு ஜிபிஐஓ. பையின் கிரவுண்டை இங்கே கொழுவத் தேவையில்லை. நடுவில் ஒளியால் மட்டுமே தொடர்பு என்பதால் ரிலே பக்கத்துக் குழப்பம் பைக்கு வராது. ஆனால் இதே 5 வோல்ட் வழியில் சேர்வோவும் இருந்து மைனஸ்களை இணைத்திருந்தால் அந்தப் பிரிப்பு போய்விடும். இரண்டும் வேண்டுமானால் இரண்டு மொடியூல்.

சில போர்ட்டுகளில் 3.3 இல் சின்ன விளக்கு மங்கலாக எரியும், ரிலே சத்தம் போடாது. உள்ளே ஒளிக்கண்ணும் விளக்கும் தொடராக இருந்து 3 வோல்ட்டை அவையே சாப்பிட்டுவிடுவதுதான் காரணம். அப்போது விசிசியைப் பையின் 5 வோல்ட்டுக்கு மாற்றி, ஒவ்வொரு இன் காலையும் 2என்2222 ட்ரான்சிஸ்டர் வழியாக, பேஸில் 1 கிலோ ஓம் வைத்து இழுங்கள். எமிற்றர் பையின் கிரவுண்டுக்குப் போகும். நிரலில் ஒன், ஓஃப் தலைகீழாக மாறும், அதைத் திருத்துங்கள்.

ரிலேயின் மேல் 10 அம்பியர் 250 வோல்ட் என்று எழுதியிருப்பதை நம்பிக் கிணற்று மோட்டாரை நேரே கொழுவுவது பெரும் பிழை. ஒரு குதிரைவலு மோட்டார் ஓடும்போது 5 அம்பியர் அளவுதான், ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் இழுக்கும். ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு பை நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது. கிணறு வற்றிய பின்னும் சுழன்று எரியும். இந்தச் சின்ன ரிலே கொன்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) ஒன்றின் சுருளை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் கொன்டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். 230 வோல்ட் பக்கத்து வேலையை மின் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் அழுத்திப் பாருங்கள்.

அளக்கும்போது

எல்லாம் ஓடும் நிலையில் போர்ட்டின் 4 ஆம் பின்னுக்கும் 6 ஆம் பின்னுக்கும் இடையே 4.9 க்கு மேல் இருக்க வேண்டும். மீட்டரின் கூர்முனையை நேரே பின்னில் குத்தாதீர்கள். 5 வோல்ட்டான 2 ஆம் பின்னுக்கு அருகிலேயே 3.3 வோல்ட்டான 1 ஆம் பின் நிற்கிறது. முனை வழுக்கி இரண்டையும் ஒரு கணம் தொட்டால் பவர் சிப் போய்விடும், போர்ட் திரும்ப எழும்பாது. இரண்டு பெண் ஜம்பர் வயரைப் பின்களில் செருகி, மறுமுனையில் அளந்து பாருங்கள். மீட்டர் மெதுவானது, சேர்வோ இழுக்கும் கணத்துச் சரிவை அது காட்டாமல் விடலாம். த்ரொட்டில் நிலையையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜம்பர் வயரிலும் ஒரு சோதனை உண்டு. தோலை உரித்துக் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, செப்பு மேல்பூச்சு மட்டும். சிக்னலுக்கு அது காணும், பவருக்கு ஆகாது. உப்புவெளி, டச்பே போலக் கடற்காற்று நேரே அடிக்கும் இடங்களில் செருகும் முனைகள் விரைவில் பச்சை பிடித்து எதிர்ப்பு ஏறும். அங்கே 5 வோல்ட் வழி முழுவதையும் 20 கேஜ் வயரில் சோல்டர் செய்யுங்கள், அல்லது திருகு முனையில் இறுக்குங்கள்.

ரவுட்டர் யூபிஎஸ்

2022 இன் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பல வீடுகளில் இந்த வெள்ளைப் பெட்டி இருக்கிறது, அதையே பைக்கும் பாவிக்கலாமா என்று கேட்கிறார்கள். அதன் யூஎஸ்பி வாசல் பெரும்பாலும் 5 வோல்ட் 2 அம்பியர். யூஎஸ்பியில் ஒன்றும் இல்லாத தனிப் பைக்குத் தாங்கும். ரிலே வழிக்கு அதன் 12 வோல்ட் வாசலை எல்எம்2596 க்குக் கொடுக்கலாம், ஆனால் அந்த வாசல் வழக்கமாக 1 அம்பியர்தான். இரண்டையும் ஒரே பெட்டியில் ஏற்றினால் மொத்த வாட் எல்லை இடிக்கும். வாங்குவதற்கு முன் அடியில் உள்ள மொத்த வாட் எண்ணைப் பாருங்கள். 18 என்று இருந்தால் ஒன்றை மட்டும் கொழுவுங்கள்.