விடிகாலை பிளாக் கிரவுஸ் பயணம்: நான்கு நட்சத்திரம், ஒன்று விளம்பரத்துக்காகக் குறைத்தது

ஸ்காட்லாந்தின் ஏவிமோரிலிருந்து வசந்த காலத்தில் கிளம்பும் வேன் பயணம் இது. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆளுக்கு நூறு பவுண்டைத் தாண்டிவிட்டது. பிளாக் கிரவுஸ் என்ற காட்டுக்கோழி வகையின் சேவல்கள் பெட்டைகளைக் கவர ஒன்றுகூடி ஆடுவதைப் பார்க்க ஆசையிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

நான்கு மணிக்கே வந்து ஏற்றிக்கொண்டார்கள். இருட்டு கலையும் முன் வழிகாட்டி வேனைப் புல்வெளி ஓரம் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார். பறவைகள் தாமாகக் கிளம்பும்வரை யாரும் இறங்கக் கூடாது. ஆள் நடந்து வந்தால் கலைந்துவிடும் பறவைகள் வண்டியைச் சட்டை செய்வதில்லை. கண்டிப்பு நியாயம்தான். ஆனால் வழியில் கழிப்பறை கிடையாது என்பதை முன்பதிவிலேயே சொல்லியிருக்கலாம், என்னோடு அறுபது தாண்டிய அம்மா வேறு.

முதலில் சத்தம்தான் வந்தது. அடித்தொண்டையிலிருந்து விடாமல் ஒரு குமுறல், நடுநடுவே சீறல். வெளிச்சம் வந்ததும் ஏழெட்டுச் சேவல்கள். நீலம் மின்னும் கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் சிவப்புக் கொண்டை, வெளிப்பக்கம் வளைந்த வால். வாலை விரித்தால் அடியில் பளீரென்று வெள்ளை. எதிரெதிரே குனிந்து, பாய்ந்து, பின்வாங்கி மறுபடி பாய்ந்தன.

"இதென்னடி, நம்மூரு சேவக்கட்டு மாதிரில்ல இருக்கு, கத்திதான் கட்டல" என்றார் அம்மா. பழுப்பு வரி போட்ட பெட்டைகள் ஓரமாக வந்து, அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன. களத்தின் நடுவிடத்தைப் பிடித்த ஓரிரு சேவல்களுக்குத்தான் பெரும்பாலும் ஜோடி அமையுமாம். மற்றவை அத்தனை ஆட்டமும் ஆடிவிட்டு வெறுமனே திரும்பும்.

பிறகு ஹெதர் என்ற குட்டைப் புதர்ச்செடி மண்டிய மேட்டுநிலத்தில் இன்னொரு வகையான ரெட் கிரவுஸ். "கோ பேக், கோ பேக்" என்பதுபோல் கத்தியது. விசா அலுவலகத்தில்கூட என்னிடம் யாரும் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. அங்கே ஹெதரைப் பட்டை பட்டையாக எரித்துவைத்திருக்கிறார்கள். புதுத் துளிர் அதற்குத் தீனி, முற்றிய புதர் கூட்டுக்கு மறைவு. இத்தனை பராமரிப்பும் ஆகஸ்ட் 12-இல் தொடங்கும் வேட்டைக்காக என்பதை வழிகாட்டி மழுப்பாமல் சொன்னார். டார்மிகனுக்காகக் கேர்ன்கார்ம் மலைச்சரிவில் கொஞ்சம் ஏறினோம். குளிர்காலத்தில் முழு வெள்ளையாகும் பறவை, அப்போது பாதி வெள்ளை, பாதி சாம்பல். பாறையோடு பாறையாக உட்கார்ந்திருந்தது. விரல்வரை இறகு மூடிய காலைத் தொலைநோக்கியில் காட்டினார்.

நட்சத்திரம் குறைந்த இடம் இதுதான். அவர்களுடைய இணையப் பக்கத்தின் முகப்பில் பெரிய கேப்பர்கெய்லி படம். கிரவுஸ் இனத்திலேயே பெரியது, சேவல் நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். நாங்கள் கேட்டதும், "அங்கே கூட்டிப்போக மாட்டேன்" என்றார் வழிகாட்டி. ஆடுகளத்தில் அதைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் அடியோடு அழிந்து, 1837-இல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம். 2021-22 கணக்கெடுப்பின் மதிப்பீடு வெறும் 532. மான்கள் நுழையாமலிருக்கப் போட்ட வேலியில் மோதிக்கூடச் சாகின்றன. அவர் மறுத்தது எனக்குப் பிடித்தது. காட்ட முடியாத பறவையின் படத்தைப் போட்டு ஆள் பிடிப்பது பிடிக்கவில்லை.

முன்பதிவின்போது ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்குங்கள். எனக்குப் பக்கத்தில் நடுவில் உட்கார்ந்தவர் பாதி நேரம் என் தலையைத்தான் பார்த்திருப்பார்.