சொசைட்டி ஃப்ளூ ஊசி முகாம்: ஊசிக்கு நாலரை, கணக்குக்கு ஒன்றரை

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டி, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ரூமுக்கு ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வந்து ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிட்டுப் போனார்கள். ஆளுக்கு 1,500 ரூபாய். வெளியே கிளினிக்கில் 1,900 கேட்டிருந்தார்கள். நானும் வீட்டுக்காரரும் போட்டுக்கொண்டோம். மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. ஊசி போட்ட விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் அவர்கள் அனுப்பிய செய்தியில் ‘86 சதவீதம்’ என்ற ஒரே ஒரு வரியோடுதான் சண்டை. அந்த வரிக்காக இரண்டு நாள் மூன்று விங்கும் ஏறி இறங்கியிருக்கிறேன், அதனால் விமர்சனம் கொஞ்சம் நீளும்.

முதலில் ஊசி. ஐஸ் பெட்டியின் மேல் ஒரு சின்ன தெர்மாமீட்டர் இருந்தது. நான் எட்டிப் பார்த்தபோது 4.6 டிகிரி காட்டியது. நர்ஸ் பொண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் வீட்டுக்காரரிடம் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு, “ரெண்டுலேர்ந்து எட்டுக்குள்ள இருக்கணும் ஆன்ட்டி. சூடானாலும் வீண், உறைஞ்சாலும் வீண்” என்றாள். தாராவியில் வீடு, தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவராம். பெட்டியைப் பிரித்து, மருந்து ஏற்றியே வருகிற அந்த அரை மில்லி சிரிஞ்சை எடுத்து, காலாவதி தேதியை என் கண்ணெதிரே காட்டினாள். அட்டையில் ‘2025, தென் அரைக்கோளம்’ என்று அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிம்மதி.

ஏன் என்றால், ஃப்ளூ கிருமி வருடா வருடம் வேஷம் மாற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் வருடத்தில் இரண்டு முறை உட்கார்ந்து, வரப்போகும் சீசனுக்கு எந்தெந்த வகையை ஊசியில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. வரைபடத்தில் நாம் வடக்கே இருந்தாலும் மும்பையில் ஃப்ளூ ஏறுவது மழைக்காலத்தில். ஊசி போட்டு உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும். ஆகவே மே மாதத்தில் புதிய தென் அரைக்கோளச் சரக்கைப் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அலமாரியில் மிஞ்சிய பழைய சரக்கைத் தள்ளிவிடாமல் புதியதைக் கொண்டுவந்ததற்கே அரை நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம்.

கூட வந்த டாக்டரிடம், “இதில் நாலு வகையா, மூணா?” என்று கேட்டேன். நாலு என்றார். நாலில் ஒன்றான பி யமகாட்டா வகையை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்கேயும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை, அதனால் மூன்றே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே சொல்லிவிட்டது, இருந்தாலும் நாலு போடுவதால் கெடுதல் இல்லை என்று விளக்கினார். பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்கும்போது இவ்வளவு பொறுமை. கை வலி ஒரு நாள், காய்ச்சல் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டி, பேட்ச் எண்ணோடு ஒரு காகித அட்டையும் கொடுத்தார்கள். அந்த அட்டையின் அருமை பின்னால் தெரியும்.

சிக்கல் ஆப்பில் ஆரம்பித்தது. ஊசி போட்டதும் மேஜையில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். எங்கள் கிளப் ரூமில் நெட்வொர்க் சன்னல் ஓரம் மட்டும்தான் வரும். முதல் தடவை சுற்றிக்கொண்டே இருந்தது. சன்னல் பக்கம் போய் மறுபடி ஸ்கேன் செய்தேன். சாயங்காலம் என் பெயரில் இரண்டு சான்றிதழ் வந்து விழுந்தது. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை காபியோடு உட்கார்ந்தால், சொசைட்டி வாட்ஸாப் குழுவில் பலூன் பறக்கிற படத்தோடு மருத்துவமனையின் செய்தி: “வாழ்த்துகள்! உங்கள் சொசைட்டியில் 86 சதவீதம் பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள்!” கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். செக்ரட்டரி அதைப் பக்கத்து சொசைட்டிக் குழுவுக்கு வேறு அனுப்பிவிட்டார்.

நான் மத்திய அரசின் மாதிரி ஆய்வுத் துறையில் முப்பத்தொரு வருடம் களப்பணி பார்த்து ரிடையர் ஆனவள். மான்கூர்டிலிருந்து மலாடு வரை கதவு தட்டியிருக்கிறேன். சதவீதம் என்று யாராவது சொன்னால் என் வாயில் தானாக வருகிற கேள்வி, “எத்தனைக்கு எத்தனை?” மருத்துவமனைக்குப் போன் செய்தேன். மூன்று பேருக்கு மாற்றிவிட்ட பிறகு ஒரு பையன் சொன்னான்: பதிவு செய்தவர்கள் 57, போட்டுக்கொண்டவர்கள் 49. 49-ஐ 57-ஆல் வகுத்தால் 86. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு இது. பந்தியில் இலை போட அது உதவும். ஊரில் எத்தனை பேர் பசியாறினார்கள் என்று அதிலிருந்து சொல்ல முடியுமா?

எடுத்தேன் நோட்டை. எங்கள் மூன்று விங்கில் 84 ஃபிளாட். நடந்து கேட்டதில் குடியிருப்பவர்கள் 291 பேர், அதில் அறுபது தாண்டியவர்கள் 63. பி விங் லிஃப்ட் வழக்கம்போல ரிப்பேர். ஏழாவது மாடியில் மோர் கொடுத்த புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.

முதல் வேலை 49-ஐச் சரிபார்ப்பது. நர்ஸ் பொண்ணு தன் நம்பரைக் கொடுத்திருந்தாள். “எத்தனை சிரிஞ்ச் எடுத்துட்டு வந்தீங்கம்மா?” என்று கேட்டேன். “அறுபது ஆன்ட்டி. பன்னெண்டு திரும்பிப் போச்சு. எதுவும் உடையலை.” அப்படியானால் போட்டது 48. ஆப்பில் 49. அந்த ஒன்று யார் என்று தேட வேண்டியதில்லை, சன்னலோரம் நின்று இரண்டாவது தடவை ஸ்கேன் செய்த நான்தான். பெரிய கணினி சொன்னதைவிட ஐஸ் பெட்டிக் கணக்கு சரியாக இருந்தது. சரக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு திரும்பியது என்று பார்க்கும் பழைய முறையை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம்.

அந்த 48-லும் ஏழு பேர் எங்கள் சொசைட்டியில் குடியிருப்பவர்களே இல்லை. ஐந்து பேர் செக்ரட்டரியின் தம்பி குடும்பம், டோம்பிவிலியிலிருந்து வந்தவர்கள். மீதி இரண்டு பேர் ஏ விங் சமையல்காரம்மாவும் இரவு வாட்ச்மேனும். அவர்களுக்குப் பணம் கட்டியவர் ஆறாவது மாடி சர்தார்ஜி. டோம்பிவிலிக்காரர்கள் வந்ததில் தப்பில்லை. ஆனால் அவர்களை மேலே எண்ணிவிட்டு, கீழே வகுக்கும்போது எண்ணாமல் விட்டால் சதவீதம் ஊதும். கோவிட் சமயத்தில் மும்பையே இதற்கு உதாரணம். தகுதியானவர்கள் 92.36 லட்சம் என்று இலக்கு வைத்தார்கள், முதல் டோஸ் நூறு சதவீதத்தைத் தாண்டிப் போனது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வேலைக்கு வந்து இங்கே போட்டுக்கொண்டவர்களும் அதில் சேர்த்தி. கீழே இருந்த எண்ணும் மதிப்பீடுதான். கடைசியாக நாட்டில் தலையெண்ணி முடித்தது 2011-ல்.

இன்னொரு பக்கம், முகாமுக்கு வராமல் ஆபீஸிலோ கிளினிக்கிலோ போட்டுக்கொண்டவர்கள். “போட்டாச்சு” என்று சொன்னவர்கள் 15 பேர். அட்டையைக் காட்டுங்கள் என்றேன். சி விங் மூன்றாவது மாடி மாமா பெருமையாக எடுத்து வந்தார். பார்த்தால் நிமோனியாவுக்கான ஊசி. இன்னொருவர் காட்டியது 2022-ல் போட்ட கோவிட் பூஸ்டர் சான்றிதழ். “பூஸ்டர் பூஸ்டர்தானேம்மா?” என்று கேட்டார். மூன்றாமவர் போட்டது உண்மையிலேயே ஃப்ளூ ஊசி, ஆனால் 2023-ல். சீசன் ஊசிக்குப் பழைய வருடக் கணக்கு செல்லாது என்று சொன்னதும் முகம் வாடிப் போனது. ஆக 12.

வாயால் சொன்னதற்கும் அட்டையில் இருப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசம் என் தொழிலில் தினப்படி பார்ப்பது. தேசிய குடும்ப நல ஆய்வில் குழந்தைகளின் தடுப்பூசியை இரண்டு வகையாகவும் பதிவு செய்வார்கள்: அட்டையைப் பார்த்து, அல்லது அம்மா சொன்னதைக் கேட்டு. 2019-21 ஆய்வில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுத் தடுப்பூசி போட்டவர்கள் இரண்டையும் சேர்த்தால் 76.4 சதவீதம். அட்டை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 83.8. ஒரே நாடு, ஒரே குழந்தைகள். அட்டையைப் பத்திரமாக வைக்கிற வீடு ஊசியையும் தவறவிடாது, அதனால் அந்த எண் உயரம். ரேஷன் கார்டு பிளாஸ்டிக் உறைக்குள் தடுப்பூசி அட்டையைச் செருகி, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். மழையில் குடிசைக்குள் தண்ணீர் வந்து அட்டை கூழாகிப் போன அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன். இவர்கள் சொல்வதை நம்பாமல் இருக்கவும் முடியாது.

சரி, விடைக்கு வருகிறேன். 48-ல் ஏழைக் கழித்தால் 41. வெளியே போட்ட 12-ஐக் கூட்டினால் 53. அதை 291-ஆல் வகுத்தால் 18.2 சதவீதம்.

அறுபது தாண்டிய 63 பேரில் போட்டவர்கள் 28, அதாவது 44 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்து எனக்கு வருத்தமும் உண்டு, ஆச்சரியமும் உண்டு. வருத்தம், முதியவர்களில் 75 சதவீதம் பேருக்காவது ஃப்ளூ ஊசி போய்ச் சேர வேண்டும் என்று உலக சுகாதார சபை 2003-லேயே இலக்கு வைத்ததால். ஆச்சரியம், இந்தியாவில் 2017-18-ல் 45 வயதும் அதற்கு மேலும் உள்ள 72,000-க்கும் அதிகமானவர்களைக் கேட்டு எடுத்த ஆய்வில் ஃப்ளூ ஊசி போட்டவர்கள் வெறும் 1.5 சதவீதமாக இருந்ததால். அந்த ஆய்வை நடத்திய மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இங்கே தேவ்னாரில்தான் இருக்கிறது, ஆட்டோவில் போய்விடலாம். 1,500 ரூபாய் எடுத்துக் கொடுக்க முடிகிற சொசைட்டியை வைத்து ஊரை அளக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி கிடையாது. கைக்காசு உள்ளவர்கள் போட்டுக்கொள்கிறார்கள், அவர்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கும் பேரேடும் இல்லை.

என் தங்கை இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள். அங்கே அநேகமாக ஒவ்வொருவர் பெயரும் ஏதாவது ஒரு குடும்ப டாக்டரின் பட்டியலில் இருக்கும். சீசன் வந்தால் அங்கிருந்து அவளுக்குச் செய்தி வரும், மருந்துக் கடையில் போட்டுக்கொண்டாலும் தகவல் டாக்டரிடம் போய்விடும். எத்தனை பேரால் வகுப்பது என்பதில் அங்கே பெரிய சந்தேகம் இல்லை. 2021-22 சீசனில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 82.3 சதவீதம் என்று தசமப் புள்ளியோடு சொல்ல முடிந்தது. எங்கள் மருத்துவமனையின் 86-ஐப் படித்துவிட்டு அவள், “இங்கிலாந்தையே தாண்டிட்டீங்களேக்கா!” என்று எழுதினாள். அன்றைக்குத்தான் நோட்டை எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கம் இன்னொரு கணக்கு. எங்கள் கட்டடத்தில் தினமும் வேலைக்கு வருகிறவர்கள் 23 பேர்: வீட்டு வேலை செய்யும் பெண்கள் (இங்கே ‘பாய்’ என்பார்கள்), சமையல்காரம்மாக்கள், டிரைவர்கள், வாட்ச்மேன்கள். அவர்களில் ஊசி போட்டது அந்த இரண்டே பேர். ஒரு பாய் ஒரு நாளில் ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், ஐந்து வீட்டுத் தும்மலும் அவள் மேல்தான். ‘சொசைட்டி’ என்று எழுதும்போது இவர்கள் ஏன் கீழே வகுக்கிற எண்ணில் இல்லை? சேர்த்தால் 314-க்கு 55, அதாவது 17.5 சதவீதம். எண் அதிகம் மாறவில்லை.

மருத்துவமனைக்கு இதையெல்லாம் அழகாக எழுதி அனுப்பினேன். “உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, ஐந்து நட்சத்திரம் தர இங்கே அழுத்தவும்” என்று பதில் வந்தது. ஊசிக்கும், டாக்டருக்கும், அந்தத் தாராவிப் பொண்ணுக்கும் நாலரை. கணக்குக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் கேட்டவுடன் மறைக்காமல் 57, 49 என்று சொன்ன பையனுக்காக.

செக்ரட்டரியிடமும் நோட்டைக் காட்டினேன். டோம்பிவிலி வரியில் விரல் வைத்தபோது கொஞ்சம் நெளிந்தார். அடுத்த மே மாதம் 23 பேருக்கும் சொசைட்டியே போடலாம், 34,500 ரூபாய், 84 ஃபிளாட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 411 என்று சொன்னேன். “நல்ல யோசனை ஆன்ட்டி, செப்டம்பர் பொதுக்குழுவில் வைப்போம்” என்று இந்தியில் சொல்லி அஜெண்டாவில் ஏழாவதாக எழுதிக்கொண்டார். ஆறாவது பார்க்கிங். எங்கள் பொதுக்குழு பார்க்கிங்கைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அதனால் இந்தத் தடவை சர்தார்ஜியை முன்வரிசையில் உட்கார வைத்து, ஏழாவதை முதலில் எடுக்கச் சொல்லிக் கை தூக்குவதாக ஏற்பாடு.